பழைய டிவி கேம் பெட்டிகளை இணைப்பது எப்படி? – ஒரு வயர் வியாபாரியின் குறிப்புகள்

மலர்க் குழு அன்பர்கள் வருஷா வருஷம் என்னிடம் கேட்பது ஏதாவது ஒரு சமணக் கல்வெட்டைப் பற்றியோ, சிந்தாமணியைப் பற்றியோ ஒரு கட்டுரை. இந்த முறை நான் தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஐயா, டிவி கேமா?" என்று கேட்டார்கள். "ஆமாம், டிவி கேம்தான்" என்றேன்.

மும்பை லேமிங்டன் ரோட்டில் வயர், பிளக், அடாப்டர் விற்றே என் காலம் போயிற்று. ராத்திரியில் ஏடும் புத்தகமும். எனக்குத் தெரிந்தவை இந்த இரண்டு விஷயங்கள்தான். இந்தக் கட்டுரையில் இரண்டுமே வருகின்றன.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேரன் மும்பையில் பிறந்தவன். தமிழ் புரியும், பதில் மட்டும் இந்தியில் வரும். திண்டிவனத்தில் இருக்கும் என் அண்ணன் பேரனுக்கு இவனைவிட ஒரு வயது கூட. பண்டிகைக்குப் பண்டிகை போனில் இருவரையும் பேச வைப்போம். "நல்லா இருக்கியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அதோடு போன் பெரியவர்கள் கைக்கு வந்துவிடும்.

சென்ற பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது என் மகன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய பிளேஸ்டேஷன் 2 கிடைத்தது. மெலிந்த கறுப்புப் பெட்டி. அதே மாதிரிப் பெட்டி ஒன்று அண்ணன் வீட்டிலும் தூங்கிக்கொண்டிருந்தது. "தாத்தா, இதையும் அதையும் சேர்த்து விளையாட முடியுமா?" என்று பேரன் கேட்டான். பதில் தேட எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. தேடியபோது தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு கம்பி, இரண்டு பெட்டி

ஒரு பெட்டி, ஒரு டிவி, இரண்டு கைப்பிடி. இதுதான் நம்மில் பலர் அறிந்த இருவர் ஆட்டம். இதற்கு இணைப்பு எதுவும் வேண்டாம். ஆனால் திரையை இரண்டாகவோ நான்காகவோ வெட்ட வேண்டும். எதிராளியின் சீட்டு நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆளுக்கொரு திரை வேண்டுமானால் ஆளுக்கொரு பெட்டி வேண்டும். பெட்டிகள் தமக்குள் பேச வேண்டும்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டி இதை மிக எளிமையாகச் செய்தது. பக்கவாட்டில் ஒரு துளை. இரண்டு கேம் பாய்க்கு நடுவே ஒரு கம்பி. ஒரு பெட்டி தாளம் போடும், மற்றது அந்தத் தாளத்துக்கு ஏற்ப நடக்கும். தாளம் விநாடிக்கு 8192. ஒவ்வொரு தட்டுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிட் அங்கே போகும், அதே சமயம் அங்கிருந்து ஒரு பிட் இங்கே வரும். எட்டுத் தட்டு முடிந்தால் ஒரு பைட் கைமாறியிருக்கும். கொடுக்காமல் வாங்க முடியாது, வாங்காமல் கொடுக்க முடியாது. வியாபாரி பாஷையில் சொன்னால் இது சுத்தமான பண்டமாற்று.

டெட்ரிஸ் ஆட்டத்தில் நீங்கள் ஒரே சமயத்தில் இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று அழித்தால் எதிராளியின் தொட்டியில் குப்பை வரிசை ஏறும். அந்தச் செய்தி போனது இந்தக் கம்பியில்தான். 1996இல் ஜப்பானில் வந்த போக்கிமான் ஆட்டத்துக்கும் இந்தக் கம்பிதான் வித்து. சிறு வயதில் பூச்சி பிடித்து விளையாடிய சதோஷி தஜிரி, கம்பி வழியே ஒரு பூச்சி இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்து பார்த்தாராம். அதனால்தான் அந்த ஆட்டத்தை இரண்டு பதிப்பாக விற்றார்கள். ஒன்றில் இருக்கும் சில பிராணிகள் மற்றதில் இராது. நண்பனோடு மாற்றிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் சேர்க்க முடியாது.

தொலைபேசியில் ஏறிய ஆட்டம்

பக்கத்தில் இருப்பவனோடு கம்பி போதும். ஊர் விட்டு ஊர் என்றால்? அக்காலத்தில் வீட்டுக்கு வந்த நீளமான கம்பி தொலைபேசி ஒன்றுதான்.

1988இலேயே நிண்டெண்டோ தன் ஃபாமிகாம் பெட்டிக்கு ஒரு மோடம் வெளியிட்டது. அதில் நடந்தது விளையாட்டைவிட வியாபாரம்தான். நொமுரா என்ற பங்கு நிறுவனத்தோடு சேர்ந்து, ஜப்பானியர் வீட்டு டிவி முன் உட்கார்ந்தபடியே பங்கு வாங்கி விற்க வழி செய்தார்கள். விளையாட்டுக்கென்றே அமெரிக்காவில் 1994இல் வந்தது எக்ஸ்பேண்ட். கேட்டாபல்ட் என்ற நிறுவனம் செய்த மோடம் அது. முதலில் சேகா ஜெனிசிஸ் பெட்டிக்கும், அடுத்த வருஷம் சூப்பர் நிண்டெண்டோவுக்கும் வந்தது. 1997இல் சேவை நின்றது.

இதில் ஒரு கணக்கு என்னை வியக்க வைத்தது. அந்த மோடத்தின் வேகம் விநாடிக்கு 2400 பிட். டிவியில் படம் விநாடிக்கு 60 முறை மாறுகிறது. வகுத்தால் ஒரு படத்துக்கு 40 பிட், அதாவது 5 பைட். ஒரு படத்தை அனுப்ப இது எந்த மூலைக்கும் காணாது. அதனால் அவர்கள் படத்தை அனுப்பவே இல்லை. இரண்டு வீட்டிலும் ஒரே ஆட்டம் தனித்தனியாக ஓடும். யார் எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்பது மட்டும் கம்பியில் போகும். சூப்பர் நிண்டெண்டோ கைப்பிடியில் திசைகளையும் சேர்த்துப் 12 பொத்தான். 12 பிட்டில் சங்கதி முடிந்தது. இரண்டு கடையில் ஒரே கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு, நடந்த வரவு செலவை மட்டும் போனில் சொல்லிக்கொள்வது போல.

சேகா நிறுவனம் இன்னும் ஒருபடி போய், 1998இல் ஜப்பானில் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் பெட்டிக்குள்ளேயே மோடத்தை வைத்தது. பெட்டி நல்ல பெட்டி, வியாபாரம் ஓடவில்லை. 2001 ஜனவரியில் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

கணினிக் கம்பி வந்த காலம்

2000க்குப் பிறகு ஈதர்நெட் என்கிற கணினி இணைப்பு வயர் பெட்டிகளுக்கு வந்தது. 2001 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸின் பின்புறம் இந்தத் துளை இருந்தது. நான்கு பெட்டியைச் சேர்த்து, பெட்டிக்கு நான்கு பேராக 16 பேர் ஹேலோ என்ற ஆட்டத்தை ஆடினார்கள். சுடுகிற ஆட்டம் என்பதால் அதை என் வீட்டில் சேர்ப்பதில்லை. ஆனால் வயரின் கதையைச் சொல்லும்போது அதை விட்டுவிட முடியாது. நிண்டெண்டோவின் கேம்கியூப்பில் 2003இல் வந்த மாரியோ கார்ட் பந்தயத்தில் எட்டுப் பெட்டி, 16 பேர். இதற்குத் தனியாக ஒரு அடாப்டர் வாங்கிப் பொருத்த வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2இன் ஆரம்ப மாதிரிகளில் ஐ.லிங்க் என்று ஒரு துளை. கிரான் டூரிஸ்மோ 3 கார்ப் பந்தயத்தில் அதன் வழியே 6 பெட்டி சேரும். பின்னால் வந்த மாதிரிகளில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2004 முதல் வந்த மெலிந்த மாதிரியில் ஈதர்நெட் துளை உள்ளேயே இருக்கிறது. நம் ஊர்களில் அதிகம் புழங்கியது இதுதான். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம்.

கடையை மூடினால்?

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

பெட்டிகள் பேசுவதில் மூன்று முறை உண்டு. முதல் முறையில் பெட்டியும் பெட்டியும் நேராகப் பேசும். நடுவில் யாரும் இல்லை. இரண்டாவதில் நிறுவனத்தின் சர்வர் தரகர் மாதிரி. "இவர் இங்கே இருக்கிறார், அவர் அங்கே இருக்கிறார்" என்று சேர்த்துவைத்துவிட்டு விலகிக்கொள்ளும். மூன்றாவதில் ஆட்டமே சர்வரில்தான் நடக்கிறது. நம் கையில் இருப்பது வெறும் சன்னல்.

நிறுவனம் கடையை மூடினால் மூன்றாவது அன்றே செத்துப்போகும். இரண்டாவது தரகர் இல்லாமல் தவிக்கும். முதலாவதற்கு ஒன்றும் ஆகாது.

முதல் எக்ஸ்பாக்ஸுக்கான இணையச் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. ஹேலோ 2 ஆட்டத்தில் சர்வர் தரகர் மட்டுமே. ஆட்டம் விளையாடுபவர் ஒருவரின் பெட்டியில் நடந்தது. அன்று இணைந்திருந்த சிலர் பெட்டியை அணைக்கவே இல்லை. அணைத்தால் மறுபடி நுழைய முடியாதல்லவா? ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து, கடைசி ஆள் வெளியேறியது மே மாதம் இரண்டாம் வாரத்தில். கடையை மூடிய பிறகும் ஏறக்குறைய நான்கு வாரம் வாடிக்கையாளர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்! நிண்டெண்டோ தன் வீ, டி.எஸ். பெட்டிகளுக்கான இணைய ஆட்டத்தை 2014 மே மாதத்திலும், 3டி.எஸ்., வீ யூ பெட்டிகளுக்கானதை 2024 ஏப்ரலிலும் நிறுத்தியது. வியாபாரி என்ற முறையில் அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; வாடகை கட்டிக் கடையை எத்தனை காலம் திறந்து வைப்பது? ஆனால் வாங்கியவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

ஒரே அறை என்று நம்பவைத்தல்

நேரடி முறைதான் சாகாது என்றேன். அதற்கும் ஒரு குறை உண்டு. அது ஒரே அறைக்குள் செல்லும். மும்பைக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே யார் வயர் இழுப்பது?

இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி அழகானது. இரண்டு பெட்டியை வயரில் சேர்த்தால் ஒரு பெட்டி அந்த வயரில், "யாராவது இருக்கீங்களா?" என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் வீட்டு வாசலைத் தாண்டாது. வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலுக்கு ஊரும் பின்கோடும் கிடையாதே. வீட்டுக் கணினியில் ஒரு நிரலை ஓட விடுகிறார்கள். அது பெட்டியின் குரலைக் கேட்டு அப்படியே ஒரு உறைக்குள் போட்டு, வெளியே நண்பர் வீட்டு இணைய முகவரியை எழுதி அனுப்பும். அங்கே ஓடும் நிரல் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த குரலைத் தன் வீட்டு வயரில் விடும். அந்த வீட்டுப் பெட்டி, "நான் இருக்கேன்" என்று பதில் சொல்லும். அதுவும் உறையில் திரும்பி வரும். இரண்டு பெட்டியும் ஒரே அறையில் இருப்பதாக நம்பிவிடும். இதைச் சுரங்க வழி என்கிறார்கள். இதற்கான நிரல்களில் எக்ஸ்லிங்க் காய் என்பது 2003 வாக்கில் தொடங்கி இன்றும் புழங்குகிறது, காசு கிடையாது.

ட்ரீம்காஸ்டுக்கு வேறு தந்திரம். அது தொலைபேசியைத் தேடும். இன்று லேண்ட்லைன் எத்தனை வீட்டில் இருக்கிறது? ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் ஒரு சின்ன மோடத்தைச் செருகி, ட்ரீம்பை என்ற நிரலை ஓட்டுகிறார்கள். அது டயல் டோன் கொடுக்கும். பெட்டி நம்பர் சுழற்றியதும் எக்ஸ்சேஞ்ச் மாதிரியே எடுத்துப் பேசி, அந்தப் பக்கம் இணையத்தில் சேர்த்துவிடும்.

மூடிய சர்வருக்கே மாற்று சர்வர் எழுதியவர்களும் உண்டு. நிண்டெண்டோ வீ பெட்டிக்கு வீம்ஃபை, முதல் எக்ஸ்பாக்ஸுக்கு 2022இல் வந்த இன்சிக்னியா ஆகியவை ஆர்வலர்கள் சேர்ந்து எழுப்பியவை.

தூரமும் தாமதமும்

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பையிலிருந்து சென்னைப் பக்கம் நேர்க்கோட்டில் சுமார் 1000 கிலோமீட்டர். போகவர 10 மில்லி செகண்ட். வழியில் இருக்கும் சந்திப்புகளையும் சுற்றையும் சேர்த்து எங்களுக்கு 40 வந்தது. நம் நாட்டு டிவி முறையில் விநாடிக்கு 50 படம், ஒரு படத்துக்கு 20 மில்லி செகண்ட். ஆக இரண்டு படம் தாமதம். பந்தய ஆட்டத்தில் இது தெரிவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேரனோடு என்றால் 200 அளவில் இருக்கும். வேகமான ஆட்டத்தில் கார் தாவித் தாவி ஓடும். நிதானமான ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டி இன்னும் கறார். நேரடி இணைப்பில் 30 மில்லி செகண்டுக்கு மேல் போனால் அது சேரவே மறுக்கும். முதல் எக்ஸ்பாக்ஸுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

1. மின்சாரத்தை முதலில் பாருங்கள். அமெரிக்கப் பெட்டி பெரும்பாலும் 120 வோல்ட், ஜப்பான் பெட்டி 100 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் ஒரே புகைதான். மருமகன் கொண்டுவந்த பெட்டியை நானே அப்படிப் பொசுக்கினேன். அடாப்டர் விற்பவன் வீட்டிலேயே! பின்னால் உள்ள லேபிளைப் படித்து, தேவையானால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

2. முதல் எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு மெக்கானிக்கிடம் திறந்து காட்டுங்கள். உள்ளே கடிகாரத்துக்கான கெப்பாசிட்டர் பல மாதிரிகளில் கசிந்து பலகையை அரித்துவிடும். எடுத்துவிட்டால் நேரம் மட்டும் மறக்கும், பெட்டி பிழைக்கும்.

3. வயர். இரண்டு பெட்டியை நேராகச் சேர்க்கக் கிராஸ் வயர் வேண்டும். எட்டுக் கம்பியில் 1, 2 அனுப்புவது. 3, 6 வாங்குவது. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றிக் கிரிம்ப் செய்தால் இவன் வாய் அவன் காதுக்குப் போகும். நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் சாதா வயர் போதும். மூன்று நான்கு பெட்டியும் சேர்க்கலாம். 100 மீட்டர் வரை தாராளம். சங்கத்து ஹாலில் குடும்ப விழாவுக்கு ஒரு சுவிட்சும் ஆளுக்குப் பத்து மீட்டர் வயரும் இருந்தால் போதும்.

4. தட்டு. பெரும்பாலும் பெட்டிக்கு ஒரு தட்டு வேண்டும். இரண்டும் ஒரே நாட்டுப் பதிப்பாக இருக்கட்டும். அமெரிக்கத் தட்டு நம் நாட்டுப் பிளேஸ்டேஷன் 2இல் ஓடாது. உறையின் பின்புறம் லேன், ஐ.லிங்க், சிஸ்டம் லிங்க் என்று இருக்கிறதா பாருங்கள். இணையம் என்று மட்டும் போட்டிருந்தால் தரகர் போன ஆட்டமாக இருக்கலாம்.

5. ஊர் விட்டு ஊர் ஆட, பெட்டியையும் கணினியையும் ரவுட்டரில் வயரால் சேருங்கள், வைஃபை வேண்டாம். இரண்டு வீட்டிலும் நிரல் சரியாக இருந்தும் எங்களுக்கு ஒரு மாதம் இணைப்பு வரவில்லை. காரணம், இணையம் தருபவர்கள் பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுத்திருந்தார்கள். சொசைட்டி வாசலுக்கு உறை வந்துவிடும். எந்த ஃபிளாட் என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. கூடுதல் கட்டணம் கட்டி என் வீட்டுக்குத் தனி ஐ.பி. முகவரி வாங்கிய பிறகுதான் வழி திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

இப்போது ஞாயிறுதோறும் ஐந்து மணிக்குப் பந்தயம். பெட்டியில் குரல் போகாது. அதனால் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொள்கிறார்கள். முதல் வாரம், "ம்", "ம்" தான். மூன்றாவது வாரம் என் பேரன் வளைவில் அவன் காரை இடித்தான். அங்கிருந்து, "டேய், கண்ணு எங்கடா வச்சிருக்க?" என்று ஒரு சத்தம். இவன், "சாரி அண்ணா, பிரேக் புடிக்கல" என்றான். அடுக்களையிலிருந்த என் மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் ஆறு வருஷமாகச் சொல்லியும் வராத தமிழ், தோற்றவனுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய அவசரத்தில் வந்துவிட்டது. போன மாதம் அவனாகவே கேட்டான்: "தாத்தா, திண்டிவனத்துக்கு எப்ப போறோம்?"

சமணர்களாகிய எங்களுக்கு நான்கு தானங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: உணவு, மருந்து, அபயம், சாத்திரம். சாத்திர தானம் என்பது நூலைப் படியெடுத்துக் கொடுப்பது. பூச்சி அரிக்கும் ஏட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதி, இன்னொருவருக்குக் கொடுத்ததால்தான் நம் கையில் நூல் இருக்கிறது. முதலில் எழுதியவர் இல்லை, எழுதச் செய்தவர் இல்லை, நூல் இருக்கிறது. மூடிய சர்வரை மறுபடி எழுதிக் காசில்லாமல் கொடுக்கும் முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நினைவு வருவது ஏடு பெயர்த்தவர்கள்தான். விளையாட்டுப் பெட்டியையும் சாத்திரத்தையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். பொருள் வேறு, காப்பாற்றும் முறை ஒன்று.

ஆகவே, பரணில் இருக்கும் பழைய பெட்டியைக் கபாடிக்காரனிடம் எடைக்குப் போடுவதற்கு முன் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சதுரத் துளை இருந்தால் அதற்குள் இன்னும் உயிர் இருக்கிறது. மறுமுனையில் யாரைச் சேர்ப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும்.